பார் லைசென்ஸும் பாத்திரம் கழுவுகிற பையனும்

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் என்று ஒரு பகுதி. அங்கே ஒரு சிறிய ரெஸ்டாரண்ட். 2014-ல் போலீசும் குடிவரவு அதிகாரிகளும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். அந்த நாட்டில் வேலை பார்க்க அனுமதி இல்லாத ஓர் ஆள் அங்கே வேலையில் இருந்தார். சம்பளம் கையில் ரொக்கமாக, அதுவும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே. காகிதம் எதுவும் கிடையாது. ஈஸ்ட் லிண்ட்சி என்ற உள்ளாட்சி மன்றம் அந்த ரெஸ்டாரண்டின் மது உரிமத்தை ரத்து செய்தது.

முதலாளி அப்பீல் போனார். இவர் மீது வழக்கே போடவில்லையே, குற்றம் நடந்ததாக எப்படி எடுத்துக்கொள்வது என்று கீழ்க் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மன்றம் மேலே போயிற்று. 2016-ல் உயர்நீதிமன்றம் மன்றத்தின் பக்கம் நின்றது. உரிமத்தை மறுபரிசீலனை செய்வது தண்டனை கொடுக்கிற வேலை இல்லை. இனிமேல் இப்படி நடக்காமல் தடுக்க என்ன தேவை என்று பார்க்கிற வேலை. அதற்கு முன்கூட்டியே கிரிமினல் தண்டனை விழுந்திருக்க வேண்டும் என்பதில்லை. இதுதான் தீர்ப்பின் சாரம்.

நண்பர்களே, இதைப் படித்ததும் உங்களுக்கும் எனக்கு வந்த கேள்விதான் வரும். சரக்கில் கலப்படம் இல்லை. சின்னப் பசங்களுக்கு ஊற்றிக் கொடுக்கவில்லை. அடிதடி இல்லை. அடுப்படியில் வேலைக்கு வைத்த ஆளுக்காக மது லைசென்ஸ் போகலாமா?

போகலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் எப்படிப் போக வேண்டும், போனால் யாருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதில் அந்த ஊர்க்காரர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

முதலில் ஏன் போகலாம் என்று சொல்கிறேன். இட்லிக் கடை வைப்பது ஒருவருடைய தொழில் உரிமை. மது விற்பது அப்படியில்லை. அரசு மனது வைத்துக் கொடுக்கிற அனுமதி அது. மது வியாபாரம் செய்ய யாருக்கும் அடிப்படை உரிமை கிடையாது என்று நம் உச்ச நீதிமன்றமே கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் 1994-ல் சொல்லிவிட்டது. கொடுத்த அனுமதிக்கு ஒழுங்கைக் கேட்கக் கொடுத்தவருக்குப் பாத்தியதை உண்டு. முன்வாசலில் சட்டப்படி விற்றேன், பின்வாசலில் நடப்பதைக் கேட்காதே என்று லைசென்ஸ்தாரர் சொல்ல முடியாது. வாசல் இரண்டானாலும் கல்லாப்பெட்டி ஒன்றுதான்.

இப்போது எனக்கு ஒத்துப்போகாத இடம். 2016-ல் அங்கே ஒரு குடிவரவுச் சட்டம் வந்தது. அதன்படி 2017 ஏப்ரல் முதல் உள்துறையே நேராக மது உரிமத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்கலாம். உள்ளாட்சி மன்றம் உரிமத்துக்கு நிபந்தனை போடலாம், மூன்று மாதம் வரை நிறுத்தி வைக்கலாம், அடியோடு ரத்தும் செய்யலாம். 2024 முதல் அபராதம் வேறு ஏறிவிட்டது. ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை, மறுபடி மாட்டினால் 60,000 பவுண்டு வரை. சரி, முதலாளி கட்டட்டும். ஆனால் அதே 2016 சட்டம், அனுமதியில்லாமல் வேலை செய்வதையே அந்தத் தொழிலாளியின் குற்றமாகவும் ஆக்கிவிட்டது. அவன் சம்பாதித்த கூலியைக்கூடப் பறிமுதல் செய்ய வழி இருக்கிறது. அப்புறம் எந்தத் தொழிலாளி வாய் திறப்பான்? அரைக் கூலி கொடுத்து ஏய்க்கிற முதலாளிக்கு இதைவிட நல்ல பூட்டு வேறு வேண்டாம்.

நான் சின்ன வயதில் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் இந்தக் குற்றத்துக்குச் சட்டம் வைத்த பெயர் ‘த்ரவாய் திஸிமுலே’, அதாவது மறைக்கப்பட்ட வேலை. ஆங்கிலத்தில் ‘இல்லீகல் வொர்க்கர்’ என்கிறார்கள். ஒன்று மறைத்தவனைக் கேட்கிறது, மற்றது மறைக்கப்பட்டவனைக் காட்டுகிறது. பிரான்சில் இப்படி ஆள் மறைத்து வேலை வாங்கினால், நம் கலெக்டர் மாதிரி இருக்கிற ‘பிரஃபே’ அந்தக் கடையை மூன்று மாதம் வரை மூடலாம். அங்கேயும் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பெயர் வைப்பதிலேயே பாதி நியாயம் தெரிந்துவிடுகிறது என்கிறேன்.

நம் ஊருக்கு வருவோம். ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, திருவொற்றியூர் தேரடி, எண்ணூர் வரைக்கும் போய்ப் பாருங்கள். கன்டெய்னர் லாரி நிற்கிற இடமெல்லாம் சாப்பாட்டுக் கடை, பரோட்டாக் கடை, பார். தட்டு எடுக்கிறவன், டேபிள் துடைக்கிறவன், பாத்திரம் கழுவுகிறவன் பாதிப் பேர் பீகார், ஒடிசா, வங்காளம், அசாம். ‘வடக்கத்திப் பசங்க’ என்று ஒரே வார்த்தையில் நாம் அடக்கிவிடுகிறோம். அவர்கள் இந்தியக் குடிமக்கள். இந்தியாவில் எங்கும் போய் இருக்க, பிழைக்க அரசியல் சட்டமே உரிமை கொடுத்திருக்கிறது. அவர்கள் இங்கே வேலை செய்வதில் சட்டவிரோதம் இல்லை. வயது குறைந்த பையனை வைப்பது, கூலியைக் குறைப்பது, முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுவது, இவைதான் சட்டவிரோதம். இந்த மூன்றும் முதலாளி செய்வது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1979-ல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2006 அக்டோபர் 10 முதல் ஓட்டல், தாபா, ரெஸ்டாரண்ட் எதிலும் 14 வயதுக்குக் கீழே யாரையும் வைக்கக் கூடாது. 2016 திருத்தத்துக்குப் பிறகு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். 21 வயது ஆகாதவனுக்கு மது விற்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டு, அதே வயதுப் பையனை அதே மேஜையில் கிளாஸ் பொறுக்க விடலாமா என்று யாரும் கேட்பதில்லை.

நம் மாநிலத்தில் இன்னொரு சிக்கல். இங்கே சாதாரண ரெஸ்டாரண்ட் மது லைசென்ஸ் வாங்க முடியாது. நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்.எல்.3, கிளப்புக்கு எஃப்.எல்.2. மற்றபடி 2003 நவம்பர் 29 முதல் சில்லறை வியாபாரம் முழுக்க டாஸ்மாக். கடை அரசுடையது. பக்கத்துப் பாரில் தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் எடுக்கவும் டெண்டர் எடுப்பவர் தனியார். பையனை வேலைக்கு வைப்பவர் அந்த டெண்டர்தாரர். ஆக, லிங்கன்ஷயரில் உரிமம் கொடுத்தவர் வேறு, விற்றவர் வேறு. இங்கே கொடுப்பதும் விற்பதும் ஒரே கை. தன் வருமானத்தைத் தானே நிறுத்திக்கொள்ள எந்தக் கைக்கும் மனசு வராது. அதனால்தான் இங்கே இந்தப் பேச்சே எழுவதில்லை.

பாரை மூடினால் அந்தப் பையனுக்கும் வேலை போகுமே என்பீர்கள். நியாயமான கேள்வி. 1914-ல் எழுதிய பஞ்சாப் கலால் சட்டம், மது பரிமாறும் இடத்தில் பெண்களையும் 25 வயதுக்குட்பட்ட ஆண்களையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அவர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அவர்கள் பிழைப்பைப் பறித்தது. 2007-ல் அனுஜ் கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெண்கள் மீதான அந்தத் தடை செல்லாது என்றது. வயது வந்த தொழிலாளியைப் பொறுத்தவரை, வெளியே தள்ளுவது பாதுகாப்பு ஆகாது.

பல வருஷம் குமாஸ்தாவாக ஃபைல் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். புதுச் சட்டம் வேண்டாம். டெண்டர் நிபந்தனையில் நாலு வரி போதும். வேலையாட்களின் பெயரும் வயதுச் சான்றும் பதிவேட்டில் இருக்க வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் போக வேண்டும். மீறியதாகப் புகார் வந்தால், டாஸ்மாக் அதிகாரி தனியாக இல்லாமல் தொழிலாளர் துறை ஆய்வாளரும் கூடவே விசாரிக்க வேண்டும். ஷோகாஸ் நோட்டீஸ் கொடுத்து, பதில் கேட்டு, காரணம் எழுதித்தான் உத்தரவு போட வேண்டும். புகார் என்பது புகார்தான். வேண்டாதவன் எழுதிப் போட்ட மொட்டைக் கடுதாசியை வைத்து யார் பிழைப்பிலும் கை வைக்கக் கூடாது. ஆனால் புகார் உண்மை என்று தெரிந்தால் கிரிமினல் கோர்ட் முடியட்டும் என்று பத்து வருஷம் காத்திருக்கவும் கூடாது. முதல் தடவை நிறுத்தி வைப்பு, மறுபடி செய்தால் ரத்து.

கடைசி நிபந்தனைதான் எனக்கு முக்கியம். டெண்டர்தாரர் கட்டிய டெபாசிட்டிலிருந்து முதலில் பையனின் பாக்கிக் கூலியைப் பிடித்து அவன் கணக்கில் போட வேண்டும். அரசுக்குச் சேர வேண்டிய அபராதம் அதற்கு அப்புறம். சென்ட்ரலில் ரயில் ஏறும்போது அவன் பையில் உழைத்த காசு இருந்தால்தான், அடுத்த பையன் பயப்படாமல் புகார் கொடுப்பான்.