விடைத்தாளைப் பார்த்து எழுதிவிட்டு ஒற்றுமையைக் கொண்டாடுவதா?

வண்ண நாடாப் படம் இல்லாத மரபணுத்தொகைக் கட்டுரையை இன்று காண்பது அரிது. மேலே ஓர் இனத்தின் குரோமோசோம்கள், கீழே அதன் உறவினத்தின் குரோமோசோம்கள், இடையே பட்டு இழைகளைப் போல ஓடும் நாடாக்கள். படத்தின் அடியில் எப்போதும் ஒரே வாக்கியம்: இவ்விரு இனங்களிடையே மரபணு வரிசை பெரிதும் பேணப்பட்டுள்ளது. இவ்வாக்கியங்களுள் பல கண்டுபிடிப்புகளே அல்ல, எடுகோளையே முடிவாகத் திருப்பிச் சொல்பவை என்பது என் வாதம். கசப்பாக இருக்கலாம், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நம் ஆய்வகங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்ட பாதை இது. குறுகிய வாசிப்புகளிலிருந்து ஆயிரக்கணக்கான காண்டிக்குகள் கிடைக்கின்றன. எது எதற்கு அடுத்தது என்று அவற்றிற்குத் தெரியாது. நாம் அவற்றை உறவினத்தின் முழுமையான மரபணுத்தொகைமேல் அடுக்கி, அதன் வரிசைப்படியே கோத்து, "குரோமோசோம்" என்று பெயரும் சூட்டுகிறோம். பின்னர் அதே உறவினத்தோடு ஒப்பிட்டு, வரிசை ஒத்திருக்கிறது என்று வியக்கிறோம். ஒத்திராமல் வேறெப்படி இருக்கும்? பக்கத்து மாணவனின் விடைத்தாளைப் பார்த்து எழுதியவன், இருவர் சிந்தனையும் ஒன்றே என்று பெருமை பேசுவதைப் போன்றது இது. கோக்கும் மென்பொருளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அது கேட்டதைச் செய்தது.

கேளையாட்டை எடுத்துக்கொள்வோம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நாய்போல் குரைக்கும் இந்த மானில் பெண்ணுக்கு 6 குரோமோசோம்கள், ஆணுக்கு 7. அதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கு 46. இரண்டும் கலந்து குட்டி ஈன்றதுண்டு, அவ்வளவு நெருக்கம். குரோமோசோம்கள் நுனியோடு நுனியாக ஒட்டிக்கொண்டே எண்ணிக்கை சரிந்தது. ஒட்டிய துண்டுகளுக்குள் மரபணு வரிசை பெரும்பாலும் குலையவில்லை. இப்போது ஒருவர் இந்தியக் கேளையாட்டின் உதிரிக் காண்டிக்குகளைச் சீன இனத்தின்மேல் அடுக்கினால் என்ன கிடைக்கும்? அழகான 23 பட்டைகள், ஒரு முறிவும் இல்லாத நாடாக்கள். பாலூட்டிகளின் குரோமோசோம் வரலாற்றிலேயே மிக வியப்பான நிகழ்வுகளுள் ஒன்று தடமின்றி மறைந்துபோகும். எந்த நிரலும் பிழைச்செய்தி காட்டாது. 1970இலேயே நுண்ணோக்கியில் எண்ணிக் கண்டதை, இன்றைய நம் கணினிப் பாதை அழித்துவிடும்.

சொல்லிலும் நாம் கவனமாக இல்லை. சிண்டெனி என்ற சொல்லை 1971இல் ரென்விக் முன்வைத்தபோது அதன் பொருள், இரு மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் இருத்தல் என்பதே. வரிசை ஒத்திருத்தல் வேறு செய்தி. இந்தக் குழப்பத்தைக் கண்டித்து 1999இல் பசார்ஜும் அவருடன் இருவரும் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் எழுதினார்கள். யார் கேட்டார்கள்? கேளையாட்டில் வரிசை நிலைத்திருக்கிறது, எது எதனோடு ஒரே குரோமோசோமில் வாழ்கிறது என்பது மாறிவிட்டது. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுபவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல மொழியே இராது.

நம் முன்னோடிகள் இதைவிட நேர்மையாக இருந்தார்கள். 1984இல் நாடோவும் டெய்லரும், கையில் இருந்த மிகச் சில மரபணுக்களின் இருப்பிடங்களை வைத்து, மனிதனும் சுண்டெலியும் பிரிந்தபின் மரபணுப் பிணைப்பைக் குலைத்த குரோமோசோம் மறுசீரமைப்புகள் 178 என்று கணித்தார்கள். பக்கத்திலேயே ±39 என்றும் எழுதினார்கள். 2002இல் சுண்டெலியின் மரபணுத்தொகை வெளியானபோது பேணப்பட்ட துண்டுகள் 342 என்று எண்ணப்பட்டன. 300 கிலோபேசுக்கு மேற்பட்ட துண்டுகள் மட்டும். அதே கட்டுரை, அடுத்தடுத்த துண்டுகளைச் சேர்த்துப் பெரிய தொகுதிகளாகக் கண்டபோது 217 என்றது. வரையறை மாறினால் எண் மாறும். அவர்கள் வரையறையை முன்னால் வைத்தார்கள். நம் படங்களில் பிழைவீச்சு எங்கே? எத்தனை மரபணுக்கள் தொடர்ந்தால் ஒரு தொகுதி என்று கொண்டீர்கள், இடையில் எத்தனை விடுபட அனுமதித்தீர்கள் என்று கேட்டால், "மென்பொருளின் இயல்பு அமைப்பு" என்பதே விடை.

பணம் இல்லை என்பார்கள். உண்மைதான். நீள்வாசிப்பும் ஹை-சியும் எல்லா ஆய்வகங்களுக்கும் எட்டாதவை. ஆனால் உதவித்தொகை மூன்று மாதம் தாமதிப்பதற்கும், இல்லாத சான்றை இருப்பதாக எழுதுவதற்கும் தொடர்பில்லை. காண்டிக்குக்குள் அடங்கும் வரிசையை மட்டும் ஒப்பிடலாம். அதன் நுனியில் ஆய்வு நின்றுவிட்டது என்று எழுதலாம். வேர்நுனியைச் சாயமேற்றி எண்ண ஒரு நுண்ணோக்கி போதும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா? இரண்டாம் ஆண்டில் நானும் சாமையின் காண்டிக்குகளைத் தினையின்மேல் கோத்து, 9 பட்டைகளோடு சுவரொட்டி அச்சிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு முதுகலை மாணவி கேட்டார்: "சாமைக்கு 18 இணைகள் அல்லவா? மீதி 9 எங்கே?" சாமை நான்மயம் என்பதை நான் அறிவேன். ஆனாலும் படம் அழகாக இருந்தது. அந்த வரிசையை நம்பி எங்கள் ஆய்வகத்து இளையவர் ஒருவர் குறிப்பான்களை வடிவமைத்து ஓராண்டை இழந்தார். அதற்கு என் பெயரில் எந்தத் திருத்தமும் இதுவரை வெளிவரவில்லை.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை இப்போது திரும்ப எழுதுகிறேன். நாடாப் படத்தை நீக்கிவிட்டேன். அங்கே குட்டையான தொகுதிகளின் அட்டவணை ஒன்று இருக்கிறது. அதன் கடைசி நிரலின் தலைப்பு "வரிசை தெரியாதவை". மிக நீளமான நிரல் அதுதான். இதனால் இயல் மெலிந்துவிட்டது என்கிறார் நெறியாளர்.