நோய் தெரியாத மரமும் நோய் பரப்பும்

புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயர் கூடினால் கன்றுக்கும் தேவை கூடும். சங்கரன்கோவில் வட்டாரத்தில் புதிதாக எலுமிச்சை வைக்க நினைப்பவர்கள், கன்று வாங்கும் முன் ‘கிரீனிங்’ நோயைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி வகைகளைத் தாக்கும் பாக்டீரியா நோய் இது. சில்லிட் என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி இதைப் பரப்புகிறது. நோய் தொற்றிய மரம் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுக்கணக்கில், பச்சைப்பசேலென்று இருக்கும். ஆனால் பூச்சி கடித்த இளந்தளிர் சுமார் 15 நாட்களிலேயே அடுத்த தலைமுறைப் பூச்சிகளுக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது என்று அமெரிக்காவில் 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. இலை மஞ்சளான மரத்தை மட்டும் வெட்டினால் நோய் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1998-ல் பூச்சி தென்பட்டது. 2005-ல் நோய் கண்டறியப்பட்டது. அதற்குள் நாற்றங்கால் செடிகளோடு பூச்சி மாநிலம் முழுக்கப் போய்விட்டது. 2003-04-ல் 24 கோடிப் பெட்டியாக இருந்த ஆரஞ்சு மகசூல், இன்று 2 கோடிக்கும் கீழே. புயல்களும் சேதம் செய்தன; முதல் காரணம் இந்நோய்தான். தொற்றிய மரத்தைக் குணப்படுத்த மருந்து இல்லை.

நம் பகுதியில் எலுமிச்சை பெரும்பாலும் விதைக்கன்று. விதை வழியாக இந்நோய் பரவுவதில்லை என்பது நமக்குச் சாதகம். ஆனால் பழைய மரங்களை ஒட்டித் திறந்தவெளியில் வளர்த்த கன்றில் பூச்சி வந்து உட்கார்ந்திருக்கலாம். பூச்சி புகாத வலைக்கூடாரத்தில் வளர்த்த கன்றையே கேட்டு வாங்குங்கள்.

துளிர் விடும்போதெல்லாம் கொழுந்தைப் பாருங்கள். வளர்ந்த சில்லிட் பின்பகுதியைத் தூக்கியபடி சாய்ந்து உட்காரும். குஞ்சுகள் வெள்ளை மெழுகு இழைகளை விடும். கறிவேப்பிலையிலும் இது பெருகும். மருந்தடிப்பதானால் தோட்டக்கலைத் துறையின் ஆலோசனையோடு, பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து ஒரே சமயத்தில் அடியுங்கள். ஒருவர் மட்டும் அடித்தால் பூச்சி அடுத்த வரப்பைத் தாண்டித் திரும்பி வரும்.

நடுநரம்பின் இருபுறமும் ஒரே மாதிரி மஞ்சளித்தால் பெரும்பாலும் துத்தநாகக் குறை. ஒழுங்கில்லாத திட்டுகளாக மஞ்சளித்தால் இலை மாதிரியுடன் வன்னிக்கோனேந்தல் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையத்தை அணுகுங்கள். ஆய்வு முடிவு வரும்வரை அந்த மரத்திலிருந்து பதியனோ ஒட்டுக்குச்சியோ யாருக்கும் கொடுக்காதீர்கள்.