சிடி தொலைந்தால் படமும் தொலையுமா?

2000-களில் டிஜிட்டல் கேமரா வாங்கியவர்கள் அதன் அட்டைப்பெட்டியைப் பிரித்தால் சார்ஜர், கேபிள், யாரும் படிக்காத கையேடு ஆகியவற்றோடு ஒரு சிடியும் கிடைக்கும். ‘முதலில் சிடியைப் போடவும், அப்புறம்தான் கேமராவைச் செருகவும்’ என்று கையேடு மிரட்டும். சிடியில் இருந்ததெல்லாம் விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான். லினக்ஸ் வைத்திருப்பவரை அந்தக் கம்பெனிகள் வாடிக்கையாளராகவே நினைக்கவில்லை.

என் சித்தப்பா அப்படியொரு கேமராவோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே மகளின் வளைகாப்புப் படங்கள். அவருடைய புது லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது. “சிடியும் கீறல் விழுந்து கெட்டுப்போச்சுப்பா, படம் அவ்வளவுதானா?” என்றார். என் பழைய லேப்டாப்பில் ஓடுவது உபுண்டு என்ற லினக்ஸ். கேபிளைச் செருகியதும் கேமராவின் பெயரோடு ஒரு ஐகான் வந்து நின்றது. “என்ன சாஃப்ட்வேர் போட்டே?” என்று கேட்டார். “ஒண்ணுமே போடல சித்தப்பா” என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்.

காரணம் இருக்கிறது. கேமரா கணினியோடு பேசுவதற்குப் பொதுவான வழிகள் இரண்டு. ஒன்று, பென்டிரைவ் போலத் தன்னை ஒரு டிஸ்க்காகக் காட்டிக்கொள்வது. இன்னொன்று பிடிபி எனப்படும் படப் பரிமாற்ற நெறிமுறை. 2000-இல் தொழில்துறை அமைப்பு ஒன்று இதை வகுத்தது. பிறகு ஐஎஸ்ஓ 15740 என்ற உலகத் தரமானது. கேனானின் பவர்ஷாட் வகை பெரும்பாலும் பிடிபியில்தான் பேசும். சோனி, நிக்கான் கேமராக்கள் பலவற்றில் மெனுவுக்குள் போய் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று சரிப்படாவிட்டால் மற்றதுக்கு மாற்றிப் பாருங்கள்.

அந்தத் தரம் வருவதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ரகசிய மொழி. 1990-களின் இறுதியில் தொடங்கிய ஜிபோட்டோ என்ற திட்டத்தின் தன்னார்வலர்கள், கேமராவுக்கும் கணினிக்கும் இடையே ஓடும் தகவலைக் கவனித்து அந்த மொழிகளில் பலவற்றை அவிழ்த்தார்கள். இன்று அது 2500-க்கும் மேற்பட்ட கேமராக்களைப் புரிந்துகொள்கிறது. ஷாட்வெல், டிஜிகேம் போன்ற செயலிகள் கேமராவோடு பேசுவது இதன் வழியாகத்தான்.

“கார்டைக் கழற்றி ரீடரில் போட்டால் முடிந்ததே, இவ்வளவு கதை எதற்கு?” என்பீர்கள். எஸ்டி கார்டு என்றால் சரி. ஆனால் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபில்மும் 2002-இல் கொண்டுவந்த எக்ஸ்டி கார்டுக்கும் சோனியின் பழைய மெமரி ஸ்டிக்குக்கும் இன்று கடைத்தெருவில் ரீடர் தேடிப் பாருங்கள். அந்தக் கேமராக்களுக்குக் கேபிள்தான் கதி. எஸ்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற மைக்ரோசாஃப்டின் கோப்பு முறையில் வருபவை. மைக்ரோசாஃப்ட் அதன் விவரங்களை 2019-இல்தான் பொதுவில் வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த லினக்ஸ் 5.4-இல் அது நேரடியாக இடம்பெற்றது. அதற்கு முந்தைய லினக்ஸ் என்றால் தனியாக ஒரு பொதியை நிறுவ வேண்டியிருக்கும்.

கேபிளைச் செருகியும் ஐகான் வரவில்லையா? முதல் சந்தேகம் கேபிள் மீதே வர வேண்டும். சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே ஆன கேபிள்களில் தகவல் போகும் கம்பிகளே இருக்காது. அடுத்து, கேமராவை ஆன் செய்து படம் பார்க்கும் நிலையில் வையுங்கள். பேட்டரி பாதியில் படுத்துவிடாமல் முழுக்க ஏற்றிக்கொள்ளுங்கள். டெர்மினலில் ஜிபோட்டோ திட்டத்தின் ஜிபோட்டோ2 கட்டளை கொடுப்பவர்களுக்கு ‘சாதனத்தைப் பிடிக்க முடியவில்லை’ என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வரலாம். கேமரா கெட்டுப்போகவில்லை. டெஸ்க்டாப் முந்திக்கொண்டு அதைத் திறந்து வைத்திருக்கிறது. லைன் எங்கேஜ்டாக இருக்கிறது, அவ்வளவுதான். கோப்பு மேலாளரில் கேமரா பெயருக்குப் பக்கத்தில் உள்ள வெளியேற்று குறியை அழுத்திவிட்டு மறுபடி கட்டளை கொடுங்கள்.

படங்கள் ஏறக்குறைய எல்லாக் கேமராவிலும் டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள்தான் இருக்கும். ஜப்பானியத் தொழில்துறை 1998-இல் வகுத்த விதி அது. அதன்படி கோப்பின் பெயர் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும். 9999-ஐத் தொட்டதும் எண் மறுபடி 0001-க்கு வந்துவிடும். ஆகவே வேறு வேறு ஆண்டில் எடுத்த இரண்டு படங்களுக்கு ஒரே பெயர் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, கணினி கேட்கும்போது யோசிக்காமல் ‘மாற்றிவிடு’ என்று அழுத்தினால் பழைய படம் போயே போய்விடும். தேதிவாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் இறக்குங்கள். எண்ணிக்கை சரியா என்று பார்த்து, இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுத்த பிறகே கேமராவில் அழியுங்கள்.

சித்தப்பாவின் படங்களைக் காப்பாற்றியது கம்பெனி கொடுத்த சிடி இல்லை. யாரும் பயன்படுத்தக்கூடிய ஒரு பொதுத் தரமும், கூலி கேட்காமல் அதற்கு நிரல் எழுதியவர்களும்தான். இன்று சிடியின் இடத்துக்கு ஆப் வந்திருக்கிறது. போனில் நிறுவு, கணக்குத் தொடங்கு, வைஃபையில் இணை என்கிறது. அந்த ஆப்பைக் கம்பெனி கைவிட்டால் நாளைக்கு அதுவும் கீறல் விழுந்த சிடிதான். கேமரா வாங்கப் போகும்போது மெகாபிக்சலைக் கேட்கிறோம், ஜூமைக் கேட்கிறோம். இனி இதையும் கேளுங்கள்: “உங்கள் ஆப் இல்லாமல், வெறும் கேபிளில் படத்தை எடுக்க முடியுமா?” முடியாது என்று சொன்னால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.