போட்டி முடிஞ்ச மறுநாள் கதவு திறக்குமா?

செங்கல்பட்டு வெயில்ல உட்கார்ந்துக்கிட்டு ஐஸ் மேல ஓடற பந்தயத்தைப் பத்தி எழுதறானேன்னு சிரிக்காதீங்க. காரணம் இருக்கு.

2025 ஆகஸ்ட்ல நம்ம நாட்டுல ரெண்டு ஆசியப் போட்டிகள் நடந்துச்சு. ஒண்ணு நம்ம மாமல்லபுரம் கடல்ல, ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப். ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார், பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. இன்னொண்ணு டேராடூன்ல ஹிமாத்ரி ஐஸ் ரிங்க்ல, ஆசிய ஓபன் ஷார்ட் ட்ராக் ஸ்பீடு ஸ்கேட்டிங். இது நடந்ததே நம்ம பக்கம் நிறைய பேருக்குத் தெரியாது.

ஷார்ட் ட்ராக்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு வரி. ஐஸ் ஹாக்கி மைதானம் அளவுக்கு ஒரு பனித்தளம். அதுல 111 மீட்டர் சொச்சம் வர்ற நீள்வட்டம். நாலஞ்சு பேர் ஒண்ணா ஓடணும். கடிகாரத்தோட போட்டி இல்ல, பக்கத்துல ஓடறவனோட போட்டி. யார் எப்போ வழுக்கி விழுவான்னு சொல்லவே முடியாது. 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்ஸ் 1000 மீட்டர் ஃபைனல்ல கடைசி வளைவுல முன்னாடி போன நாலு பேரும் விழுந்துட்டாங்க. கடைசியா வந்துக்கிட்டிருந்த ஆஸ்திரேலியாக்காரர் ஸ்டீவன் பிராட்பரி நிதானமா கோட்டைத் தாண்டி தங்கத்தை வாங்கிட்டுப் போனார் :-)

"வெயில் நாட்டுக்காரனுக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னு ஒரு கேள்வி வரும். அந்த ஆஸ்திரேலியாவும் குளிருக்குப் பேர்போன நாடு இல்லையே! பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கற சிங்கப்பூர்லேர்ந்து குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குப் போன முதல் ஆள் ஷெயென் கோ. 2018ல, இதே ஷார்ட் ட்ராக்லதான். ஆனா அவங்க ஸ்கேட்டிங் கத்துக்கிட்டது கனடாவுல. தடை வெயில் இல்லீங்க, தினமும் பழக ஒரு இடம் இருக்கான்னுதான் பார்க்கணும்.

இப்ப டேராடூன் கதையைக் கேளுங்க. அந்த ரிங்கை 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டினாங்க. விளையாட்டு முடிஞ்சது, விருந்தாளிங்க கிளம்பினாங்க, அப்புறம் வருஷக்கணக்கா பூட்டு. ஐஸை உறைய வைக்கற கரண்ட் பில்லையும் பராமரிப்புச் செலவையும் யார் கட்டறது? மறுபடி உயிர் வந்தது 2025லதான். 2011ல பத்து வயசுல அந்த வாசல்ல ஆசையோட நின்ன ஒரு பிள்ளைக்கு அப்ப இருபத்திநாலு வயசு ஆகியிருக்கும். அந்த வருஷங்களை யார் திருப்பித் தர்றது?

நம்ம கடற்கரையில கதை வேற. கோவளத்துல மீனவர் குடும்பத்துலேர்ந்து வந்த மூர்த்தி மேகவன் மாதிரி ஆளுங்க, போட்டியும் கேமராவும் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஊர்ப் பசங்களுக்கு அலையில நிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. கடலுக்குப் பூட்டும் இல்ல, கரண்ட் பில்லும் இல்ல. பழக்கம் முதல்ல வந்துச்சு, சாம்பியன்ஷிப் பின்னாடி வந்துச்சு. 2022ல செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்துல நடந்தப்பவும் அப்படித்தான். அதுக்குப் பல வருஷம் முன்னாடியே நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு செஸ் போர்டு இருந்துச்சு.

அதனால நமக்கும் ஐஸ் ரிங்க் வேணும்னு நான் கேக்க மாட்டேன். இந்தப் புழுக்கத்துல அதை உறைய வெச்சுக் காப்பாத்தறது யானையைக் கட்டித் தீனி போடற வேலை. நான் கேக்கறது சக்கர ஸ்கேட்டிங்குக்கு ஒரு நல்ல ட்ராக். வளைவுல சரிவு வெச்ச 200 மீட்டர் ட்ராக். கட்டினா போதும், உறைய வைக்க வேண்டாம்.

ஏன்னா நம்ம பசங்க அதுல ஏற்கெனவே உலகத்தரம். ஆனந்த்குமார் வேல்குமார், சென்னைப் பையன். 2025 செப்டம்பர்ல சீனாவுல பெய்டாய்ஹே உலக சாம்பியன்ஷிப்ல 1000 மீட்டர்லயும் மாரத்தான்லயும் தங்கம், 500ல வெண்கலம். ஸ்பீடு ஸ்கேட்டிங்ல உலக சாம்பியன் ஆன முதல் இந்தியர். 2023ல நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுல வெண்கலம் வாங்கின பெண்கள் ரிலே அணியிலயும் ஆரத்தி கஸ்தூரிராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன்னு நம்ம ஊர்ப் பொண்ணுங்க. சக்கரத்துலேர்ந்து ஐஸுக்குப் போறதும் புதுசு இல்ல. அமெரிக்காவோட எரின் ஜாக்சன் சக்கரத்துல ஓடிப் பழகினவங்க, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல 500 மீட்டர் தங்கம்.

எங்க தெருவுல ஒரு எட்டாங்கிளாஸ் பொண்ணு. காலைல அஞ்சரைக்கு அவங்கப்பா பைக் ஹெட்லைட்டைப் போட்டுப் பின்னாடியே வர, ரோட்டுல ஸ்கேட்டிங் பழகுது. லாரி வந்தா ஓரம், நாய் துரத்தினா ஓட்டம், ஜல்லி கிடந்தா முட்டில ரத்தம். அந்த ஷூ வாங்க அவர் பட்ட கடன் எனக்குத் தெரியும். இந்தப் பொண்ணு பத்தாவது போறதுக்குள்ள ஒழுங்கா ஒரு ட்ராக் கிடைக்கலேன்னா ஷூ பரண் மேல போயிடும். பதக்கம் வாங்காம போனாலும் பரவாயில்ல சார், முட்டி உடையாம பழகட்டுமே!

நம்ம மாவட்டத்துலயே மேலக்கோட்டையூர்ல விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கு. 2024 கேலோ இந்தியாவுக்கு சைக்கிள் பந்தயம் நடந்த வெலோட்ரோமும் அங்கதான். அது பக்கத்துல ஒரு ஸ்கேட்டிங் ட்ராக் போட்டு, ஊர்ப் பிள்ளைங்களுக்கும் தினம் ரெண்டு மணி நேரம் திறந்து விட்டா என்ன குறைஞ்சிடும்?

இனிமே எந்த சர்வதேசப் போட்டி நம்ம ஊருக்கு வந்தாலும், எத்தனை நாடு வந்துச்சு, யார் குத்துவிளக்கு ஏத்தினாங்கன்னு கேக்கறதோட நிறுத்தாதீங்க. பந்தலைப் பிரிச்ச மறுநாள் காலைல ஆறு மணிக்கு அந்தக் கதவு யாருக்குத் திறக்கும்னு கேளுங்க.