அம்மாவின் கட்டைவிரலும் சில ஆராய்ச்சிக் கட்டுரைகளும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரமுடியலை, ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

போன ஜனவரி கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை. மனாமால விடுமுறை நாள். அம்மாவுக்குப் போன் போட்டேன். சாப்பாடு, முட்டிவலி, பக்கத்து வீட்டு மாடு கன்னு போட்டது எல்லாம் பேசிட்டு, வைக்கிற நேரத்துல மெதுவாச் சொன்னாங்க. "ஏன் நைனா, அந்த மெஷினுக்கு என் கையைத் தெரியலையாமே?"

விஷயம் இதுதான். அப்பா ரயில்வேயில கேங்மேன். எங்க ஊர் குடுபல்லி, பெங்களூரு - ஜோலார்பேட்டை லைன்ல குப்பத்துக்குப் பக்கத்து ஸ்டேஷன். அப்பா போனப்புறம் அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வருது. வருஷா வருஷம் நவம்பர்ல உயிரோட இருக்கேன்னு சான்று கொடுக்கணும். அம்மா போயிருக்காங்க. கட்டைவிரல் வெச்சா எடுக்கலை. பத்து விரலும் வெச்சுப் பார்த்தாச்சு. கவுண்ட்டர்ல இருந்த பையன் "வேலிமுத்ர படட்டம் லேதம்மா, அடுத்த வாரம் வாங்க"ன்னு தெலுங்கும் தமிழுமாச் சொல்லி அனுப்பிட்டான். அடுத்த வாரமும் அதே. நவம்பர் முடிஞ்சது. டிசம்பர், ஜனவரி ரெண்டு மாச பென்ஷன் வரலை.

எந்த பேங்க்னு கேட்காதீங்க, சொல்லமாட்டேன். நானும் பேங்க்காரன்தான்.

ரேகை ஏன் விழலைன்னு எனக்குத் தெரியும். முப்பது வருஷம் புளி தட்டிக் கொட்டை எடுத்த கை அது. வயசானா தோல் காய்ஞ்சு மேடு பள்ளம் மழுங்கிடும். கண்ணாடி மேல விரலை வெச்சா மெஷினுக்குக் கோடுகளுக்குப் பதிலா ஒரு திட்டுதான் தெரியும். இது பொறியியல் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. நான் பி.காம், எனக்கே தெரியும்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. எங்க ஊர் ஆராய்ச்சிக்குப் புதுசில்லையே, அப்புறமும் ஏன் இப்படின்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.

கொசுவத்தி சுத்தறேன். 2002. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில பி.காம் முடிச்சுட்டு சும்மா இருந்த காலம். சந்திரபாபு நாயுடு முதல்வர், எங்க குப்பம் தொகுதி எம்.எல்.ஏ.வும் அவரே. ஹெவ்லெட் பேக்கார்ட் கம்பெனியும் ஆந்திர அரசும் கை கோர்த்துக் குப்பத்துல "ஐ-கம்யூனிட்டி"ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. மூணு வருஷத் திட்டம். ஊர் ஊருக்குத் தகவல் மையம், கம்ப்யூட்டர், இன்டர்நெட். கார்லி ஃபியோரினா தலைமையில இருந்த கம்பெனி. ஏழை நாடுகள்ல என்ன விற்கும், எப்படி விற்கும்னு கத்துக்க ஒரு உயிருள்ள ஆய்வுக்கூடம்னு எங்க ஊரைச் சொன்னாங்க. அப்ப எங்களுக்கு அது பெருமையாத்தான் இருந்தது. எலி யாருன்னு நாங்க கேட்கலை :-)

அதுல உருப்படியான ஒண்ணு உண்டு. சுயஉதவிக்குழுப் பெண்களுக்கு டிஜிட்டல் கேமராவும், சூரிய ஒளியில சார்ஜ் ஆகுற பிரின்டரும் கொடுத்து, போட்டோ எடுக்கக் கத்துக்கொடுத்தாங்க. கல்யாணம், காதுகுத்து, அடையாள அட்டைன்னு ஊர் ஊராப் போய் எடுப்பாங்க. எங்க வீட்டுச் சுவத்துல மாலை போட்டிருக்கிற அப்பா படம் அப்படி ஒரு அக்கா எடுத்ததுதான். ரயில்வே நீலச் சட்டை, கொஞ்சம் முறைச்ச முகம். அப்பாவுக்கு வேற நல்ல படமே கிடையாது.

2004 தேர்தல்ல நாயுடு ஆட்சி போச்சு. 2005 பிப்ரவரியில ஃபியோரினா பதவி போச்சு. அதே வருஷம் மூணு வருஷக் கணக்கும் முடிஞ்சு கம்பெனி கைமாத்திட்டுக் கிளம்பிடுச்சு. அந்தப் போட்டோக்கார அக்கா பிறகு என்ன ஆனாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆங்கே ஷ்விட்டே என்கிற மானிடவியல் ஆய்வாளர் குப்பம் திட்டத்தை ஆராய்ஞ்சு 2008-ல ஒரு கட்டுரை எழுதினாங்க. அதை நான் பஹ்ரைன் வந்தப்புறம்தான் படிச்சேன். எங்க ஊர்ல என்ன நடந்ததுன்னு ஒரு இங்கிலீஷ் ஆய்விதழ்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன் பாருங்க, அது ஒரு மாதிரி இருந்தது. ஊர்க்காரங்களுக்கு யாரும் அதைப் படிச்சுக் காட்டின மாதிரி தெரியலை.

நிற்க. "ஆராய்ச்சியே வேஸ்ட், எல்லாம் பேராசிரியருங்க பதவி உயர்வுக்கு"ன்னு நம்மாளுங்க சுலபமாச் சொல்லிடுவோம். நானும் சொல்லிக்கிட்டு இருந்தேன். அதை மாத்தினது இன்னொரு ஆராய்ச்சி. அதுவும் நம்ம ஆந்திராதான்.

நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் பென்ஷனும் முன்னாடி தபாலாபீஸ், பஞ்சாயத்து வழியாப் போகும். பாதி வழியில கொஞ்சம் கரையும், எப்ப வரும்னு தெரியாது. ஒருங்கிணைந்த ஆந்திர அரசு ஸ்மார்ட் கார்டு கொண்டுவந்தது. கிராமத்துலயே ஒருத்தர் கைமெஷினோட உட்கார்ந்திருப்பார். கார்டைக் காட்டி, ரேகை வெச்சுப் பணம் வாங்கிக்கலாம். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர்னு மூணு பொருளாதாரப் பேராசிரியர்கள் அரசோட பேசி ஒரு காரியம் பண்ணாங்க. எட்டு மாவட்டம், ஏறக்குறைய 1.9 கோடி ஜனம். எந்த மண்டலத்துக்குக் கார்டு முதல்ல, எதுக்குப் பிறகுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. மருந்து கம்பெனிக்காரன் மாத்திரையைச் சோதிக்கிற மாதிரியேதான். அப்புறம் ரெண்டு வகை மண்டலத்துலயும் வீடு வீடாப் போய்க் கேட்டாங்க.

2016-ல கட்டுரை வெளியாச்சு. ரெண்டு வருஷம் கழிச்சும் திட்டம் அரைகுறைதான், பாதிப் பணம்தான் கார்டு வழியாப் போச்சு. அப்படியிருந்தும் கூலி சீக்கிரம் வந்தது, நடுவுல கரையறது குறைஞ்சது, கூலி வாங்கப்போய்க் காத்திருக்கிற நேரம் ஒரு தடவைக்கு 22 நிமிஷம் மிச்சம். எல்லாருக்கும் மிச்சமான அந்த நேரத்தோட மதிப்பே திட்டச் செலவுக்குச் சமமா வந்துடுச்சாம்.

எனக்குப் பிடிச்ச இடம் இது இல்லை. 2013-ல அரசு இந்தக் கார்டையே தூக்கிப் போட்டுடலாமான்னு யோசிச்சது. ஏன்னா மேலே போன புகாரெல்லாம் கீழ்மட்ட அரசியல்வாதிங்க வழியாப் போனது. கை நனையாமப் போனவங்க குரல் சத்தமா இருந்தது. பணம் ஒழுங்கா வந்த கூலிக்காரம்மா ஹைதராபாத்துக்குப் போய், "நல்லா இருக்குங்க"ன்னு சொல்லவா போறாங்க? வீடு வீடாக் கேட்ட கணக்கு வந்தது. பத்துல ஒன்பது பேருக்கு மேல கார்டுதான் வேணும்னு சொல்லியிருந்தாங்க. அதைப் பார்த்துத்தான் அரசு மனசு மாறுச்சு.

இன்னொண்ணும் கவனிங்க. ரேகை விழாதவங்களுக்கு, கார்டு வராதவங்களுக்குப் பழைய வழி திறந்தே இருந்தது. பின்னாடி ஜார்க்கண்ட்ல ரேஷன் கடைக்கு ஆதார் கட்டாயம்னு வந்தப்ப இதே மூணு பேரும் ஆராய்ஞ்சாங்க. அங்கே ஆதார் இணைக்காதவங்களுக்குக் கிடைச்சுக்கிட்டிருந்த பொருள்ல பத்து சதவீதம் குறைஞ்சு போச்சு. களவும் குறைஞ்சபாடில்லை. ரெண்டு இடத்துலயும் ரேகை மெஷின்தான். ஒரு இடத்துல பக்கத்துக் கதவு திறந்திருந்தது, இன்னொரு இடத்துல சாத்திட்டாங்க.

எங்கம்மா விஷயத்துல கதவு சாத்தலை, அதுதான் எரிச்சலே. நேர்ல வந்து நிக்கிற பென்ஷன்தாரர்கிட்ட அதிகாரி காகிதப் படிவத்துலயே கையெழுத்து வாங்கி முடிச்சிருக்கலாம். 70 வயசுக்கு மேலன்னா வீட்டுக்கே போய்ச் சான்று வாங்கச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017-லயே சுற்றறிக்கை விட்டிருக்கு. அந்தப் பையனுக்குச் சொல்லித்தர ஆளில்லையோ, நேரமில்லையோ. மெஷின் இல்லைன்னு சொன்னா அவனுக்கும் இல்லைதான்.

அவனை ரொம்பத் திட்டவும் எனக்கு வாய் வரலை. இங்கே நான் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுல இருக்கேன். போன் பேசி முடிச்சதும் "ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள மார்க் போடுங்க"ன்னு வருமே, அந்தப் புண்ணியம் எங்க கைங்கரியம்தான். மாசா மாசம் நாலரைக்கு மேல வரும், நாங்களும் கேக் வெட்டுவோம். யாரைக் கேட்கிறோம்? போன்ல காத்திருந்து, மெஷின் சொல்ற பட்டனையெல்லாம் சரியா அமுக்கி, ஆள்கிட்ட வந்து சேர்ந்தவங்களை மட்டும். லேபர் கேம்ப்ல இருந்து சம்பள அட்டை வேலை செய்யலைன்னு கூப்பிட்டு, இங்கிலீஷும் அரபியும் புரியாம நடுவுலயே வெச்சுட்டுப் போன நம்ம கடலூர்க்காரன் அந்தக் கணக்குல கிடையாது. இதை ஒரு மீட்டிங்ல சொன்னேன். "நல்ல பாயிண்ட்"னு சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாங்க.

இதுக்கு வழி இருக்கா? தெலங்கானாவுல 2018-ல பண்ணிக் காட்டினாங்க. ரைத்து பந்து திட்டம், ஏக்கருக்கு 4000 ரூபாய் செக். குலுக்கல்ல வந்த மண்டலங்கள்ல மட்டும் அதிகாரிங்ககிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை: "செக் கிடைச்சுதான்னு விவசாயிங்களுக்கே போன் போட்டுக் கேட்போம்." அவ்வளவுதான். புது மெஷின் கிடையாது, புது ஆப் கிடையாது. பணம் கிடைக்காம விடுபட்டவங்க எண்ணிக்கை அங்கே 7.8 சதவீதம் குறைஞ்சது. செலவு? கூடுதலாப் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் மூணு ரூபாய் அறுபது காசு. கால் சென்டர் வெச்சிருக்கிற எந்த பேங்க்கும் நாளைக்கே பண்ணலாம். பணம் வந்தவனை விட்டுட்டு, வராதவனுக்கு ஒரு போன். பென்ஷன் நின்னுபோன கணக்கு எதுன்னு கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷத்துல லிஸ்ட் எடுக்கலாமே!

அம்மா கதைக்கு வரேன். பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூருக்கு ரயில்ல தினம் வேலைக்குப் போய் வர்றவன். ஞாயித்துக்கிழமை அவனைப் பிடிச்சேன். ஜீவன் பிரமாண்ல 2021-லேர்ந்து முகத்தை வெச்சே சான்று கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு போன் போதும். வீட்டுக்குள்ள வெளிச்சம் பத்தலைன்னு அம்மாவை வாசல்ல, மாட்டுக்குப் பக்கத்துல உட்கார வெச்சு எடுத்தான். அஞ்சு நிமிஷம் ஆகலை. அடுத்த மாசம் பாக்கியும் சேர்ந்து வந்துடுச்சு.

"ரெண்டு மாசமா ஏம்மா சொல்லலை?"ன்னு கேட்டேன்.

"நீ கேட்கலையே நைனா. வாராவாரம் பேசறே, சாப்பிட்டியான்னு கேட்கறே, மாத்திரை போட்டியான்னு கேட்கறே. பென்ஷன் வந்துச்சான்னு ஒருநாளும் கேட்கலை."

பி.கு: ஊர்ல பென்ஷன் வாங்குற அம்மா அப்பா இருக்கிறவங்களுக்கு. முகம் வெச்சு எடுக்க ஆள் கிடைக்கலைன்னா தபால்காரரைக் கேளுங்க. இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் 2020-லேர்ந்து வீட்டுக்கே வந்து டிஜிட்டல் சான்று எடுத்துத் தராங்க, ஆரம்பிச்சப்ப கட்டணம் 70 ரூபாய்னு வெச்சாங்க. ஆதார், பி.பி.ஓ. நம்பர், பேங்க் கணக்கு நம்பர், ஆதாரோட இணைச்ச மொபைல் நாலையும் கையில வெச்சுக்கச் சொல்லுங்க. மத்திய அரசு பென்ஷன்காரங்க 80 வயசு தாண்டியிருந்தா அக்டோபர் முதல் தேதியிலேயே கொடுக்கலாம், நவம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.