அனுபவம் எந்தக் கடையிலே கிடைக்கும்?

"அனுபவம் உண்டா?"

அம்பத்தூரிலே, தொழிற்சாலை வாயிலிலே, ஐ.டி.ஐ. சான்றிதழோடு நிற்கும் இளைஞனைப் பார்த்துக் கேட்கிறார்கள். ஃபிட்டர் வேலை படித்தவன்; அரம் பிடித்துக் காய்த்துப்போன கை. "இப்போதுதான் படித்து முடித்தேன், ஐயா" என்கிறான். "அனுபவத்தோடு வா!" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

எங்கே போவான், தோழர்களே? கோயம்பேட்டிலே கூறு கட்டி விற்கிறார்களா அனுபவத்தை? கதவுக்கு உள்ளே கிடைக்கும் பொருளைக் கொண்டுவந்தால்தான் கதவைத் திறப்போம் என்கிறார்கள்!

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. 1959-லே ஒன்று வந்தது. அரசு நிறுவனங்களும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும், காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும் என்றது. கேட்க இனிக்கிறது! ஆனால் அதே சட்டம் சொன்னது, அறிவித்தால் போதும். அங்கே பதிந்தவனைத்தான் எடுக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை என்று. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த ஓட்டையை அடைக்கவில்லை. பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்தவர்கள் நம் தெருவிலே இல்லையா?

1961-லே வந்தது தொழிற்பழகுநர் சட்டம். எந்திரத்தின் அருகிலேயே நின்று பழகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவன் தொழிலாளி அல்லன், பயிற்சி பெறுபவன். வாங்குவது கூலி அல்ல, உதவித்தொகை. 2014-லே ஒரு திருத்தம் செய்தார்கள். பழகியவர்களை வேலைக்கு எடுப்பதற்கான கொள்கையை முதலாளியே வகுத்துக்கொள்ளட்டும் என்றார்கள்! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை! இந்த ஆண்டு ஒரு கூட்டம் உள்ளே வருகிறது. அடுத்த ஆண்டு வெளியே போகிறது. புதுக் கூட்டம் வருகிறது. எந்திரம் நிற்பதில்லை, நிரந்தர இடம் மட்டும் பிறப்பதில்லை.

"பிள்ளைகளுக்குத் திறமை போதாது" என்கிறார்கள் முதலாளிமார்கள். பட்டறையே இல்லாமல் பாடம் நடத்தும் கல்விக்கூடங்கள் உண்டு, மறுக்கவில்லை. அது கட்டணம் வாங்கியவனின் குற்றமா, கட்டியவனின் குற்றமா? மேலும், ஓராண்டு முழுதும் எந்திரத்தை ஓட்டிய பழகுநனுக்குத் திறமை இருந்தது. நிரந்தரம் கேட்ட அன்று மட்டும் அது எங்கே ஓடிப்போயிற்று?

வாயில் மூடியதால் பிள்ளைகள் தேர்வுக்கு ஓடுகிறார்கள். 2024-ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வின் முதல் அறிவிப்பிலே 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்! அத்தனை பேரும் தகுதியற்றவர்களா? கூசாமல் சொல்ல எந்த நாக்குக்குத் துணிவு உண்டு?

உள்ளே வேலை பார்க்கும் தோழனே, "எனக்கென்ன" என்று இருந்துவிடாதே. நீ கூலி உயர்வு கேட்கும் நாளிலே, வாயிலில் நிற்கும் வரிசையைத்தான் உனக்குக் காட்டுவார்கள். அவன் பசி உன் கூலிக்குப் பூட்டு!

ஆகவே கேளுங்கள், உங்கள் சங்கத்தின் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே கேளுங்கள். பழகுநராக உழைத்த காலத்தை அனுபவமாகக் கணக்கிடு! நிரந்தர இடம் காலியானால், அங்கே பழகியவனுக்கு முதலிடம் கொடு! தொடக்க வேலைக்கு அனுபவம் கேட்காதே!

சலுகை அல்ல நாம் கேட்பது. கற்றவன் கைக்குக் கருவி கேட்கிறோம். கதவு திறக்கும்வரை கேட்போம்!