பகலில் பூட்டிக் கிடக்கும் அறைகள்

வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அருமையான திட்டம். ஆனால் அதே மாவட்டத்தின் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வாடகை அறைகளைப் பகலில் தட்டினால், பூட்டு தொங்கும். அல்லது இரவு ஷிப்ட் முடித்தவர் அசந்து தூங்குவார். அஞ்செட்டி, தளி மலைக் கிராமங்களிலிருந்து பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறவரும் விடுபடுகிறார். வேலையும் குடியிருப்பும் நலத்தைத் தீர்மானிக்கின்றன என்று மைக்கேல் மார்மட் தலைமையிலான உலக சுகாதார நிறுவன ஆணையம் 2008இலேயே சொல்லிவிட்டது.

‘தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ இருக்கிறதே’ என்பார்கள். அதன் ஊதிய உச்சவரம்பு 2017 முதல் 21,000 ரூபாய்தான்; ஒப்பந்தத் தொழிலாளியின் பதிவோ ஒப்பந்ததாரரை நம்பி நிற்கிறது. பசுமைக்குடில்களில் ரோஜா பறிக்கும் பெண்களில் பலருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. இந்த அறைகளில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளருக்கு நாம் ஏன் செலவிட வேண்டும் என்ற கேள்வியும் எழும். அவர்கள் உழைப்பில்தான் இங்குள்ள ஆலைகள் ஓடுகின்றன. காசநோய்க்கு மாநில எல்லையிலுள்ள ஜூஜூவாடி சோதனைச்சாவடி தெரியாது. பரிசோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை மட்டும் வெளியிடுவது போதாது. விடுபட்டவர் யார், எந்த ஷிப்டில், எந்தத் தெருவில் என்று சமூகப்பணி ஆய்வாளர்களைக் கொண்டு கணக்கெடுத்து, மாவட்ட நிர்வாகம் மாலை நேர முகாம்களை உடனே தொடங்க வேண்டும்.